எஞ்சின் சூடும் ஒரு பழைய ஃபோர்டும்

இந்தப் பதிவில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும். எழுதுகிறவன் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன்; ஸ்பேனர் பிடிக்கிறவன் இல்லை. ஆனால் பழைய எஞ்சின்களின் கதைகளைத் தேடிப் படிப்பதில் இருபது வருடமாக ஒரு பைத்தியம். வட்டி, வாராக்கடன் என்று நான் எழுதியதைப் படித்துத் தூங்கிப் போனவர்கள் இதில் விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு :-)

விஷயம் இதுதான். ஒரு சாதாரணக் காரின் எஞ்சினைக் கழற்றி, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு சக்தி எடுக்கப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் வரும் பெரிய தலைவலி, சூடு. நான் இருக்கும் ஜாம்ஷெட்பூரில் மே மாதம் 43 டிகிரி வெயிலில், மாங்கோ பாலத்து நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "பெரிய ரேடியேட்டர் போடு." அது ஏன் முதல் வைத்தியமாக இருக்கக் கூடாது என்பதற்கு, 1932இல் வந்த ஒரு எஞ்சினின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கணக்கு

100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய பாணி பெட்ரோல் எஞ்சினில் அதில் 25, 30 ரூபாய்தான் உருப்படியான வேலையாக மாறும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாய் வெளியே போய்விடும். மீதி எல்லாம் எஞ்சினின் இரும்பில் இறங்கும். அந்தப் பங்கைத்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது.

எஞ்சினிலிருந்து இரண்டு மடங்கு சக்தி எடுத்தால் மற்ற இரண்டு தலைப்புகளும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வரவு கூடினால் செலவும் கூடும், அவ்வளவுதான். இதில் கேட்க வேண்டிய கேள்வி, புகையோடு வெளியே போயிருக்க வேண்டிய சூடு எவ்வளவு தண்ணீரின் கணக்கில் வந்து விழுகிறது என்பது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிக்க விட்டவர்கள்

1886இல் காப்புரிமை வாங்கிய கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். தீரத் தீர ஊற்ற வேண்டியதுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போன பயணம் அது. அவ்வளவு சின்ன எஞ்சினுக்கு அது போதும்.

35 குதிரைசக்திக்குப் போதாது. 1900 கடைசியில் எமில் யெல்லினெக்குக்காக டைம்லர் கம்பெனியில் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய காருக்கு, யெல்லினெக்கின் மகள் பெயரால் மெர்சிடஸ் என்று பெயர். அதன் முகப்பில் 8,000க்கும் அதிகமான குட்டிக் குட்டிச் சதுரக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் வைத்தார் மேபாக். குழாய்களுக்குள் காற்று, வெளியே தண்ணீர். முன்பு சுமந்ததில் பாதித் தண்ணீர், சுமார் 9 லிட்டர், போதும் என்றாயிற்று. 1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் இந்தக் கார் மற்றவர்களை வாயடைக்க வைத்தது. வேகம் என்பது சூட்டை வெளியேற்றும் திறமையும்தான் என்று அன்றைக்கே புரிந்துபோனது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வேறு வழியில் போனார். 1908இல் வந்த மாடல் டி காரில், ஆரம்பத்தில் செய்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர, தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். வெந்நீர் அண்டாவில் நடப்பதுதான். 20 குதிரைசக்தி எஞ்சினுக்கு இது தாராளம். பம்ப் இல்லை என்றால் பம்ப் ரிப்பேரும் இல்லை. ஃபோர்டுக்கு இந்த எளிமை ரொம்பப் பிடித்திருந்தது.

1932: ஏழைக்கும் எட்டு சிலிண்டர்

1929இல் செவர்லே ஆறு சிலிண்டர் காரை மலிவு விலையில் இறக்கியது. ஃபோர்டிடம் இருந்தது நாலு சிலிண்டர். கிழவர் ஆறுக்குப் போகவில்லை. ஒரேயடியாக எட்டுக்குத் தாவினார். வி8 எஞ்சின் அதற்கு முன்பும் உண்டு, 1914 முதல் காடிலாக்கில் இருந்தது. ஆனால் அது பணக்காரர் சமாச்சாரம். ஃபோர்டின் ஆட்கள் எட்டு சிலிண்டரையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக, லட்சக்கணக்கில் வார்த்தெடுக்க வழி கண்டுபிடித்தார்கள். 1932 மார்ச்சில் எஞ்சின் வெளிவந்தது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி. அடிப்படை மாடலின் விலை 500 டாலருக்கும் கீழே. சாதாரண ஜனங்களுக்கு அப்படி ஒரு வேகம் அதுவரை கிடைத்ததில்லை.

இப்போது கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம். இந்த எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஹெட் என்பது வெறும் தட்டையான மூடி. அதனால்தான் ஃபிளாட்ஹெட் என்று பெயர். வால்வுகள் எல்லாம் 'வி' எழுத்தின் நடுப் பள்ளத்தில் வரிசையாக இருந்தன. எரிந்த புகை பிறப்பது நடுவில். ஆனால் புகைக்குழாய் பொருத்த இடம் இருப்பது எஞ்சினின் இரண்டு வெளிப் பக்கங்களில். நடுவிலிருந்து வெளிப் பக்கத்துக்கு எப்படிப் போவது? பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டர்களுக்கு இடையில், தண்ணீர் அறையின் குறுக்காகப் பாதை போட்டார்கள். அதிலும் சிக்கனம்: ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூன்றே வாசல். நடு இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒன்று.

விளைவு என்ன? புகையோடு வெளியே போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு, போகிற வழியில் தண்ணீரில் இறங்கிவிட்டது. வங்கி பாஷையில் சொன்னால் டிரான்ஸ்ஃபர் என்ட்ரி. புகைக் கணக்கில் பற்று எழுத வேண்டியதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அது அந்தத் தப்பான என்ட்ரிக்குத்தான் வட்டி கட்டிக்கொண்டிருந்தது.

பம்ப் விஷயத்திலும் பழைய பாசம் போகவில்லை. 1932 முதல் 1936 வரை இரண்டு ஹெட்டுகளின் முன்முனையில் ஆளுக்கொரு பம்ப்; மேலே ஏறி வரும் சூடான தண்ணீரை அங்கிருந்து உறிஞ்சி ரேடியேட்டருக்கு அனுப்பும். ஏற்கெனவே கொதிக்கத் தயாராக இருக்கும் தண்ணீரை உறிஞ்சினால் அங்கே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஆவிக் குமிழி வந்த பம்ப் தண்ணீரைத் தள்ளாது. 1937இல்தான் பம்புகளைக் கீழே பிளாக்குக்கு மாற்றி, ஆறிய தண்ணீரை உள்ளே தள்ளுகிற மாதிரி செய்தார்கள். இது உண்மையான முன்னேற்றம். 1949 மாடலில் தண்ணீர் வெளியேறும் வாயை ஹெட்டின் நடுவிலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் புகை போகும் பாதையை மட்டும் 1953இல் அமெரிக்க ஃபோர்டு கார்களில் இந்த எஞ்சின் நிற்கும் வரை யாரும் தொடவில்லை.

நான் குடியிருக்கும் ஊருக்கும் இந்த எஞ்சினுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில், கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சேஸிஸ்களின் மேல் இங்கே தயாரித்த கவசத் தகடுகளைப் பொருத்தி ஆயிரக்கணக்கில் கவச வண்டிகள் செய்தார்கள். சிப்பாய்கள் அவற்றை 'டாடாநகர்' என்றே கூப்பிட்டார்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இந்தியப் படைகளோடு ஓடியவை அவை. உள்ளே இருந்தது இதே ஃபிளாட்ஹெட் வி8. பாலைவனத்தில், தகட்டுக்குள், தண்ணீரையே சூடாக்கும் எஞ்சின்! ஓட்டியவர்களுக்கு ஒரு சல்யூட்.

ஏரிப் படுகையும் சிக்னலும்

போர் முடிந்து திரும்பிய அமெரிக்க இளைஞர்களுக்கு, பழைய ஃபோர்டு வி8 கார்கள் கொஞ்சம் டாலருக்குக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் போருக்கு முன்பே உண்டு. அதற்கான சங்கம் 1937இலேயே ஆரம்பித்தாயிற்று. போருக்குப் பின் அது காட்டுத்தீ. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. 1949இல் பானவில் உப்புச் சமவெளியில் முதல் வேக வாரம் நடந்தது.

அவர்கள் செய்தது மூன்று வேலை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, எட்டில் ஒரு அங்குலம் வரைகூட. அலுமினிய ஹெட் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றுவது. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வைப்பது. மூன்றுமே சூட்டைக் கூட்டும். கடைந்தால் சுவர் மெலியும். அந்த பிளாக்குகள் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விடுவதற்குப் பேர் போனவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஏரிப் படுகையில் ஓட்டம் ஓரிரு நிமிஷம். எஞ்சினின் இரும்பும் அதிலுள்ள தண்ணீரும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், ஓட்டம் முடிந்ததும் ஆற விடலாம். அதே எஞ்சினோடு லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் சிக்னலில் நின்றால்? காற்று ஓடாது, பம்ப் மெதுவாகச் சுற்றும், ஆனால் புகை மட்டும் தண்ணீர் அறையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். பந்தயக் காரைவிடத் தெருவில் ஓடும் வேகக் காருக்குத்தான் குளிர்விப்பு கஷ்டம் என்பதை அந்தப் பசங்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

அவர்களிடம் ஒரு கை வைத்தியம் இருந்தது: தண்ணீர் வெளியேறும் குழாயில் ஓட்டை போட்ட வாஷரைச் சொருகி ஓட்டத்தைக் குறைப்பது. "தண்ணீர் மெதுவாகப் போனால்தான் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்கும்" என்பது விளக்கம். சில வண்டிகளில் சூடு நிஜமாகவே குறைந்தது. ஆனால் விளக்கம் தப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால்தான் சூடு அதிகம் கடத்தப்படும். வாஷர் செய்தது வேறு வேலை. அது பிளாக்குக்குள் அழுத்தத்தைக் கூட்டி ஆவிக் குமிழிகளை அடக்கியது. அன்றைய அழுத்தமில்லாத ரேடியேட்டரின் வாய் வழியே தண்ணீர் பொங்கி வழிவதையும் குறைத்தது. இரும்பை ஒட்டித் தண்ணீர் இருந்தால் சூடு இறங்கும். ஆவி இருந்தால் இறங்காது, அந்த இடம் மட்டும் பழுத்து விரிசல் விடும்.

அதே காரணத்துக்காகத்தான் பின்னால் அழுத்த மூடி எல்லாக் கார்களுக்கும் வந்தது. மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கினால் தண்ணீர் 100க்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் 130 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். சும்மா ஒரு மூடி என்று நினைக்காதீர்கள்.

நிஜமான வைத்தியம்

மூலத்தையே சரிசெய்தவர்கள் ஃபோர்டு கம்பெனிக்கு வெளியே இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் வந்த சோரா ஆர்கஸ்-டன்டோவும் அவர் தம்பி யூராவும், 1947 வாக்கில், ஃபிளாட்ஹெட் பிளாக்கின் மேல் பொருத்த ஒரு புது அலுமினிய ஹெட் செய்தார்கள். தங்கள் பெயரையே சுருக்கி 'ஆர்டன்' என்று வைத்தார்கள். பாரம் ஏற்றி ஓடும் ஃபோர்டு லாரிகள் சூடாவதைத் தீர்ப்பதுதான் நோக்கம். வால்வுகளைப் பிளாக்கிலிருந்து எடுத்து ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். புகை, ஹெட்டிலிருந்து நேராக வெளியே. தண்ணீர் அறைக்குள் ஊர்வலம் கிடையாது. சூடும் குறைந்தது, சக்தியும் எக்கச்சக்கமாகக் கூடியது. லாரிக்காரர்களைவிட வேகப் பிரியர்கள்தான் அதைத் தேடிப் போனார்கள். விலை அதிகம், அதனால் விற்றது கொஞ்சம். சோரா 1953இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, பிறகு கார்வெட்டின் தந்தை என்று பெயர் வாங்கினார்.

1955இல் செவர்லே தன் சின்ன வி8ஐ இறக்கியது. 265 கன அங்குலம், 162 குதிரைசக்தி, வால்வுகள் ஹெட்டில், புகைப் பாதை குட்டையாக வெளிப் பக்கம். கொஞ்ச வருடத்திலேயே வேகப் பிரியர்கள் ஃபிளாட்ஹெட்டை விட்டு இதற்கு மாறிவிட்டார்கள். 1992 கார்வெட்டில் இன்னொரு படி: ரேடியேட்டரிலிருந்து வரும் ஆறிய தண்ணீர் முதலில் ஹெட்டுக்கு, பிறகுதான் பிளாக்குக்கு. அதிகச் சூடு பிறக்கும் இடத்துக்கு முதல் தண்ணீர்.

நம் பசங்களுக்கு

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், என்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போனவன், பழைய நாலு சிலிண்டர் கார் ஒன்றுக்கு டர்போ பொருத்திக்கொண்டிருக்கிறான். அம்மாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டின் மேல் கடன் வாங்கிச் செய்கிற வேலை. போன மாதம் செலவுப் பட்டியலைக் காட்டி, "அங்கிள், கூலிங்குக்குப் பக்காவா பட்ஜெட் போட்டுட்டேன்" என்றான். பார்த்தால் பெரிய ரேடியேட்டர், இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன். அவ்வளவுதான். அவனுக்கு நான் சொன்ன வரிசையை இங்கேயும் போடுகிறேன், அலுமினிய ஹெட் ஒரு தடவை வளைந்தால் போகிற காசு அம்மாவுடையது என்பதால்.

ஒன்று, எரிப்பு. ஸ்பார்க் டைமிங் ரொம்பப் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரிந்து புகை தாறுமாறாகச் சூடேறும். ரொம்ப முந்தினால், அல்லது பெட்ரோல் கலவை வறண்டால், எஞ்சின் தட்டும். தட்டும்போது உலோகத்தில் இறங்கும் சூடு சட்டென்று எகிறும். டர்போ வண்டியில் இதைச் சரியாக ட்யூன் செய்யாமல் ரேடியேட்டர் வாங்குவது வீண்.

இரண்டு, பழைய பிளாக்கின் தண்ணீர் அறை. துருவும் உப்புப் படிவும் உள்ளே போர்வை மாதிரி ஒட்டியிருக்கும். பிரித்த கையோடு சுத்தம் செய்துவிட வேண்டும். பிறகு போர் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுத்திகரித்த தண்ணீரும் கூலன்ட்டும்தான்.

மூன்று, தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் ஏராளம். பல எஞ்சின்களில் அது சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு, குறுக்கு வழியை அடைக்கவும் செய்யும். கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான்கு, மூடி. ரப்பர் கெட்டுப்போன மூடி அழுத்தம் தாங்காது. புதிது போட ஆகும் செலவு சொற்பம். சூடாக இருக்கும்போது மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், முகம் போய்விடும்.

ஐந்து, காற்று. நிற்கும்போது மட்டும் சூடானால் ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள கூட்டையும் பாருங்கள். கூடு இல்லாத ஃபேன் ஒரே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். வேகமாகப் போகும்போது மட்டும் சூடானால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. டைமிங், கலவை, தண்ணீர் ஓட்டம், அடைத்த ரேடியேட்டர் என்று தேடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் போதவில்லை என்றால், ஆறாவதாகப் பெரிய ரேடியேட்டர். டர்போ வண்டிக்கு அநேகமாகத் தேவைப்படும். ஆனால் அது கடைசி வரி, முதல் வரி இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை

21 வருடம் ஃபோர்டு ஏன் அந்தப் பாதையை மாற்றவில்லை? என் ஊகம் இது. அந்த ஒற்றை வார்ப்புக்காகப் போட்ட முதலீடு மலை அளவு. புகைப் பாதையை மாற்றுவது என்றால் முழு பிளாக்கையும் புதிதாக வார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பம்பை நகர்த்துவதும் தண்ணீர் வாயை மாற்றுவதும் அதைவிட மலிவு. எங்கள் தொழிலில் திரும்பாத கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து ஏட்டில் நல்ல கணக்காகக் காட்டுவார்களே, அதே சங்கதி. ஒவ்வொரு மார்ச்சிலும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 21 மார்ச்சுகளுக்கான வட்டியைக் கட்டியது ஃபோர்டு இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஆறக் காத்திருந்த கார்க்காரர்கள்.